வேலையைப் பார்த்துப் பாட்டரி வாங்குவோம்



நாம் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். பாட்டரி விற்பது நம் தொழில் அல்ல. அப்படியிருக்க, படகுக்கு எந்தப் பாட்டரி வாங்க வேண்டும் என்பதைப் பற்றி வணிகர் இதழில் எழுதுவானேன் என்று உறுப்பினர்கள் கேட்கக் கூடும். காரணம் இருக்கிறது.

நாகப்பட்டினம், காசிமேடு போன்ற ஊர்களில் ஒரு விசைப்படகு தங்கு கடலுக்குப் புறப்படுகிறது என்றால், அதில் நம்முடைய சரக்கும் சேர்ந்தே புறப்படுகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த் தூள், தேயிலை, சர்க்கரை என்று பல ஆட்களுக்குப் பல நாட்களுக்கு வேண்டிய சாமான்கள் துறைமுகத்தை ஒட்டிய சில்லரைக் கடைகளிலிருந்து போகின்றன. அந்தச் சில்லரைக் கடைகளுக்கு மொத்தக் கடைக்காரர்களாகிய நாம் கொடுக்கிறோம். பெரும்பாலும் இது கடன் கணக்குதான். படகு திரும்பி, மீன் ஏலம் போய், டீசலும் ஐஸும் கழித்து, ஆட்களுக்குப் பங்கு கொடுத்த பிறகே சில்லரைக் கடைக்காரர் கையில் பணம் சேருகிறது. அதன் பின்பே நம் பேரேட்டில் வரவு விழுகிறது. ஆகவே கடலில் ஒரு படகு நின்று போனால் கரையில் நம் பற்று வரவும் நின்று போகிறது.

படகு நடுக்கடலில் நிற்பதற்கு எஞ்சின் கோளாறு மட்டும் காரணமாவதில்லை. எஞ்சின் நன்றாகவே இருக்கும். இரவு முழுவதும் விளக்கு எரிந்து, காலையில் செல்ப் எடுக்காமல் போய்விடும். அடுத்த படகைக் கூப்பிடலாம் என்றால் வயர்லெஸ்ஸிலும் உயிர் இருக்காது. எஞ்சின், விளக்கு, வயர்லெஸ் ஆகிய மூன்றும் ஒரே பாட்டரியை நம்பி இருப்பதால் வரும் விளைவு இது. இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தால் அந்த நடை முழுவதும் நட்டம். இழுத்து வர ஆளில்லாவிட்டால் ஆபத்து உயிருக்கே.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலை நாம் மறக்க முடியாது. கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்த படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனையோ குடும்பங்கள் ஆண் துணையை இழந்தன. அதன் பிறகு செயற்கைக்கோள் வழியே செய்தி சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவிகள் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. நல்ல காரியம். ஆனால் வயர்லெஸ், ஜி.பி.எஸ்., டிரான்ஸ்பாண்டர் எதுவானாலும் படகில் மின்சாரம் இருந்தால்தான் நாள் கணக்கில் வேலை செய்யும். அந்த மின்சாரம் பாட்டரியில் இருக்கிறது. அந்தப் பாட்டரியை நாம் விலை பார்த்து வாங்குகிறோம். அது என்ன வேலைக்கு என்று பார்ப்பதில்லை. நம் குறை இதுதான்.

இரண்டும் வேறு வேறு சரக்கு

இட்லி அரிசியும் அரிசிதான், சாப்பாட்டு அரிசியும் அரிசிதான். மூட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஒன்றைக் கேட்டவருக்கு மற்றொன்றை நிறுத்துப் போட்டால் மறுநாள் கடை வாசலில் சண்டை வரும். பாட்டரியிலும் அப்படி இரண்டு இனங்கள் உண்டு.

முதல் இனம், எஞ்சினைக் கிளப்பும் பாட்டரி. லாரியிலும் காரிலும் இருப்பது இதுவே. உள்ளே ஈயத் தகடுகள் மெல்லியவையாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். சில விநாடிகளுக்குப் பெரும் மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு, உடனே டைனமோவிலிருந்து திரும்ப நிரப்பிக் கொள்ளும். மொத்த இருப்பில் அது செலவழிப்பது மிகச் சொற்பம். இதை இரவெல்லாம் விளக்குக்குக் கொடுத்து அடிவரை வற்ற விட்டால், மெல்லிய தகடுகள் தாங்காமல் உதிர ஆரம்பிக்கும். சில மாதங்களில் பாட்டரி வெறும் பெட்டியாகி விடும்.

இரண்டாம் இனம், ஆழ்ந்து இறங்கி ஏறும் பாட்டரி. டீப் சைக்கிள் என்பார்கள். இதன் தகடுகள் தடித்தவை. நம் கடைகளில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் டியூபுலர் பாட்டரி இந்த இனத்தைச் சேர்ந்ததே. கொஞ்சம் கொஞ்சமாகப் பல மணி நேரம் கொடுக்கும். பிறகு நிரப்பினால் மறுபடியும் கொடுக்கும். இப்படி நூற்றுக்கணக்கான முறை செய்தாலும் தாங்கும்.

ஆகவே படகில் இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பது நமது கருத்து. எஞ்சினைக் கிளப்ப ஒரு பாட்டரி. அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ்., மீன் காட்டும் கருவி, தண்ணீர் இறைக்கும் பம்பு ஆகியவற்றுக்கு டீப் சைக்கிள் பாட்டரி. இரண்டுக்கும் நடுவே பிரிக்கும் சுவிட்சு ஒன்று. இரவில் விளக்குப் பாட்டரி வற்றினாலும் காலையில் எஞ்சின் கிளம்பும். எஞ்சின் கிளம்பினால் டைனமோ மற்றதை நிரப்பிவிடும். கடையில் கல்லாப் பணத்தையும் வீட்டுச் செலவுப் பணத்தையும் ஒரே பையில் போட்டால் என்ன ஆகும் என்பது வணிகர்களுக்குத் தெரியாதது அல்ல.

அளந்து வாங்க வேண்டும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. பாட்டரியின் அளவு ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று கொள்ளலாம். ஆனால் குதிரை கொள்ளும் வரை நெல் இருந்தாலும் அடிமட்டம் வரை சுரண்டக் கூடாது. ஈயப் பாட்டரியில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டு வைத்தால்தான் நெடுநாள் உழைக்கும்.

ஒரு விசைப்படகுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். தளத்து எல்.இ.டி. விளக்குகள் 40 வாட், 10 மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 33 ஆம்பியர்-மணி. பாய்மரத்து விளக்கு 10 வாட், 12 மணி நேரத்துக்கு 10. வயர்லெஸ் கேட்டுக் கொண்டிருக்க நாள் முழுவதும் 12. பேசுவதற்கு இன்னும் 5. ஜி.பி.எஸ்., மீன் காட்டும் கருவி இரண்டுக்கும் சேர்த்து 24. பம்பு 2 மணி நேரம் ஓடினால் 10. ஆக மொத்தம் 94. இதை இரட்டித்தால் 188. ஆகவே 100 ஆம்பியர்-மணிப் பாட்டரி இரண்டை இணையாக இணைத்தால் ஒரு நாள் எஞ்சின் ஓடாமல் நின்றாலும் கவலை இல்லை. இதில் உள்ள வாட் கணக்கு உதாரணத்துக்குத்தான். ஒவ்வொரு படகுக்காரரும் தம் கருவிகளின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து இதே முறையில் போட்டுக் கொள்ளலாம். வேண்டியது ஒரு துண்டுச் சீட்டும் ஒரு பென்சிலும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும். பாட்டரியின் மேல் சி-20 என்றோ சி-10 என்றோ போட்டிருக்கும். 20 மணி நேரத்தில் எடுத்தால் கிடைக்கும் அளவு முன்னது. 10 மணி நேரத்தில் எடுத்தாலே கிடைப்பது பின்னது. இரண்டிலும் 150 என்று எழுதியிருந்தாலும் சி-10 என்பதில் சரக்கு கூடுதல். ஒரே எண்ணைக் காட்டி இரண்டு விலை சொன்னால் ஏமாற்று என்று எண்ணிவிடவும் வேண்டாம். விலை குறைந்ததையே எடுத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

எவ்வளவு எடுக்கிறோமோ அதைத் திரும்ப நிரப்பவும் வழி வேண்டும். 200 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 ஆம்பியர் அளவில் சார்ஜ் ஏற்றுவது பொருத்தம். முதல் எண்பது சதவீதம் வேகமாக ஏறும். கடைசி இருபது மெதுவாகவே ஏறும். அரை மணி நேரம் எஞ்சினை ஓட்டிவிட்டு நிறைந்துவிட்டது என்று நினைப்பது தவறு. பாட்டரியைப் பெரிதாக வாங்கி, டைனமோவைச் சிறிதாக வைத்திருப்பவரின் பாட்டரி எப்போதும் அரை வயிற்றோடுதான் கிடக்கும்.

ஈயமா, மூடிய பாட்டரியா, லித்தியமா?

தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பாட்டரி விலையில் குறைவு, உழைப்பில் உறுதி. ஆனால் படகு ஆடும். உயரமான பாட்டரியிலிருந்து ஆசிட் தெறிக்கும். கடல் நீர் ஆசிட்டோடு கலந்தால் குளோரின் எனும் நச்சு வாயு உண்டாகும். சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். எனவே இதை வைப்பதானால் உயரம் குறைந்ததாக, மூடியுள்ள பெட்டிக்குள், அடித்தளத்தில் தேங்கும் நீர் எட்டாத இடத்தில், அசையாமல் கட்டி, காற்றோட்டத்தோடு வைக்க வேண்டும். அருகே அடுப்போ பீடி நெருப்போ கூடாது.

ஏ.ஜி.எம்., ஜெல் என்ற மூடிய பாட்டரிகள் சிந்தாது, தண்ணீர் கேட்காது. படகுக்கு ஏற்றவைதான். ஆனால் டைனமோவின் ரெகுலேட்டர் சரியில்லாமல் அளவுக்கு மேல் வோல்ட் ஏற்றினால், உள்ளே வற்றிப் போன நீரைத் திரும்ப ஊற்ற வழி கிடையாது. ஆகவே மூடிய பாட்டரி வாங்குமுன் ரெகுலேட்டரைச் சோதிப்பது முதல் வேலை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி இப்போது பரவி வருகிறது. எடையில் ஈயப் பாட்டரியில் பாதிகூட இராது. எண்பது சதவீதம் வரை எடுக்கலாம். ஆயிரக்கணக்கான முறை இறங்கி ஏறும். ஒருவர் தூக்கிச் சென்று வீட்டில் சார்ஜ் ஏற்றிக் கொண்டு வரும் பைபர் படகுகளுக்கு இது நல்ல வழி. ஆனால் அதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும். பழைய டைனமோவோடு நேராக இணைத்தால் டைனமோ சூடேறிக் கெடும். பாதுகாப்புச் சுற்று உள்ளே இருக்க வேண்டும். பழைய செல்களைச் சேர்த்துப் புதுப் பெட்டியில் அடைத்து மலிவாகக் கொடுப்பவர்களிடம் வாங்கவே கூடாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் இறங்கி ஓட இடமில்லை.

விலை என்பது எது?

ஒரு லாரிப் பாட்டரி 9,000 ரூபாய், ஒரு டீப் சைக்கிள் பாட்டரி 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதை விளக்குக்குப் போட்டு ஒரு வருடத்தில் கெட்டால் வருடத்துக்கு 9,000. இரண்டாவது நான்கு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 3,500. நடுக்கடலில் நின்ற நடையின் நட்டத்தை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை. படகுக்காரர் மலிவைத் தேடுவது அவருடைய கைக்கஷ்டத்தால். தடைக்காலம் முடிந்து படகு இறங்கும்போது பலகை வேலை, பெயின்டு, வலை, டீசல் என்று எல்லாச் செலவும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. அப்போது 5,000 ரூபாய் வித்தியாசம் மலை போல் தெரியும். அதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்பவர், வாங்குபவரின் அவசரத்தைப் பார்த்து ஆகாத சரக்கைத் தள்ளிவிடுவது வணிக நாணயம் ஆகாது. எந்த வேலைக்கு என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்தால் அந்த வாடிக்கையாளர் பத்து வருடத்துக்கு நம்மை விட்டுப் போக மாட்டார்.

மளிகைக்காரர்களாகிய நமக்கு நன்றாகத் தெரிந்த சில விதிகள் பாட்டரிக்கும் பொருந்தும்.

தேதி பார்க்க வேண்டும். பாட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் குறைந்து கொண்டே வரும். தயாரித்து ஆறேழு மாதம் கடையில் கிடந்ததைவிட, மூன்று மாதத்துக்குள் வந்த சரக்கு நல்லது.

எடை பார்க்க வேண்டும். ஈயப் பாட்டரியில் விலை என்பது பெரும்பாலும் ஈயத்தின் விலையே. ஒரே இனத்தில், ஒரே ஆம்பியர்-மணியில் ஒன்று மட்டும் பல கிலோ குறைவாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

பில் வாங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஈயப் பாட்டரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவு விலையில் தெரிகிறதா என்று பில்லைப் பார்த்தால்தான் புரியும். வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். எந்த உபயோகத்துக்கு வாரண்டி என்று அதிலேயே எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். 36 மாதம் இலவச மாற்று, 24 மாதம் விகிதத் தள்ளுபடி என்றிருந்தால் அதை 60 மாத வாரண்டி என்று எண்ணி ஏமாறக் கூடாது.

பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. இரண்டு பாட்டரிகளைச் சேர்த்து இணைப்பதானால் ஒரே இனம், ஒரே அளவு, ஒரே வயது வேண்டும். புதிய அரிசியில் வண்டு விழுந்த பழைய அரிசியைக் கலந்தால் என்ன ஆகுமோ அதே கதிதான் இதற்கும்.

நம் கடை இன்வெர்ட்டருக்கும் இதே கணக்கு

2012-ஆம் ஆண்டு மின்வெட்டில் நம் மாவட்டக் கடைகளில் பெரும்பாலோர் இன்வெர்ட்டர் வைத்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்று பில் போடுவதும் பணம் வாங்குவதும்கூட மின்சாரத்தை நம்பி இருக்கின்றன. ஆகவே கடைக்காரர்களும் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

மூன்று டியூப் விளக்கு 60 வாட், ஒரு விசிறி 75, கம்ப்யூட்டரும் தராசும் 100. மொத்தம் 235 வாட். மூன்று மணி நேரத்துக்கு 705. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 880. இதை 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 73 ஆம்பியர்-மணி. இரட்டித்தால் 146. ஒரு 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பாட்டரி போதும். ஐஸ்கிரீம் பெட்டியையும் இதிலேயே மாட்டினால் எல்லாம் தலைகீழாகும். வாங்கிய பின் மாதம் ஒரு முறை மூடியைத் துடைத்து, நீர் மட்டம் பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றக் கூடாது. சர்க்கரை மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே காற்றில்லாத மூலையில் வைத்தால் சூட்டிலேயே ஆயுள் குறையும்.

தடைக்காலத்தைப் பயன்படுத்துவோம்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாட்டரிகள் பல கெடுவது இந்த ஓய்வு நாட்களில்தான். அரைகுறை சார்ஜோடு விட்டுவிட்டுப் போனால் தகடுகளின் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது. படகைக் கட்டியவுடன் பாட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, நெகடிவ் வயரைக் கழற்றி, மாதம் ஒரு முறை திரும்ப ஏற்றினால் போதும். சில நாள் கழித்து அளந்து பார்த்தால் நல்ல 12 வோல்ட் ஈயப் பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.1 அளவில் நின்றால் பாதி காலி என்று பொருள்.

இது தொடர்பாக நமது சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்ல விரும்புகிறோம். மே 5 வணிகர் தினம். அன்று நாம் கடை அடைக்கிறோம். அது தடைக்காலத்தின் நடுவே வருகிறது. துறைமுக ஊர்களில் உள்ள கிளைகள், மாநாட்டுக்குப் போனவர்கள் போக மீதியுள்ள உறுப்பினர்களைக் கொண்டு, விசைப்படகு உரிமையாளர் சங்கத்தோடு சேர்ந்து அன்றைக்கு ஒரு பாட்டரிப் பரிசோதனை முகாம் நடத்தலாம். ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு லோடு டெஸ்டர், விவரம் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தால் போதும். மே முதல் வாரத்திலேயே கெட்டது எது என்று தெரிந்துவிட்டால், படகுக்காரருக்குப் பணம் புரட்டவும் நல்ல சரக்கைத் தேடவும் ஐந்து வாரம் கிடைக்கும். ஜூன் 14-ஆம் தேதி இரவில் ஓடி வந்து கிடைத்ததை வாங்கும் நிலை இராது.

பல படகுகளுக்குச் சேர்த்து ஒரே கொள்முதலாக வாங்கினால் விலையும் இறங்கும். மொத்த வியாபாரத்தின் பலன் அது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள்படி பழைய பாட்டரிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். அவற்றை ஓரிடத்தில் சேர்த்து எடைக்குப் போட்டால் கூடுதல் விலையும் கிடைக்கும். ஆசிட்டை முகத்துவாரத்தில் கொட்டும் கேடும் ஒழியும். துறைமுகக் கடைக்காரர்கள் நம்பிக்கையான படகுக்காரர்களுக்குப் பாட்டரித் தொகையை நான்கைந்து நடையில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது. எத்தனையோ மூட்டை அரிசியைக் கடனாகக் கொடுக்கிற நாம், அந்த அரிசியைத் தின்றவர்கள் பத்திரமாகத் திரும்பி வருவதற்கான பொருளுக்கும் கடன் கொடுப்பதில் தவறில்லை.

கிளை நிர்வாகிகள் அடுத்த செயற்குழுவிலேயே இதை எடுத்துப் பேசி, ஏப்ரல் 15-க்கு முன் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.